மார்கழியில் மலைக்கு வருவோருக்கு

நேயர்களே, ஆண்டு முடிவு நெருங்கியதும் நம்மவர் வீடுகளில் ஒரு கேள்வி எழுவது வழக்கம்: விடுமுறைக்கு எங்குச் செல்லலாம்? கொழும்பிலும் கரையோரப் பட்டினங்களிலும் வாழ்வோர் குளிரை நாடி மலைக்கு ஏறுகிறார்கள். மலையிலே பிறந்து வளர்ந்தவர்கள் கடலைக் காண இறங்குகிறார்கள். இரண்டும் இயல்பானவையே. ஆயினும் குளிரைத் தேடி வந்தவர்கள் இரண்டாம் நாளே கம்பளியைச் சுருட்டிக்கொண்டு ஊர் திரும்ப நினைப்பதை நாம் பல முறை கண்டிருக்கிறோம். குளிரை மட்டும் எத்தனை நாளைக்குத்தான் பார்த்துக்கொண்டிருப்பது? ஓர் ஊருக்குப் போவதானால், அவ்வூர் மக்கள் தமக்கென்று ஒரு விழாவெடுத்து மகிழ்ந்திருக்கும் நாளிலே போவது நன்று. அப்போதுதான் ஊரோடு ஊராரையும் காணலாம். மார்கழி, தை, மாசி ஆகிய மூன்று மாதங்களில் நம் நாட்டில் யாத்திரை செய்து காணத்தக்க விழாக்கள் யாவை, அவற்றுள் நான் வாழும் ஊவா மலைத் தோட்டங்களுக்கே உரியவை யாவை என்பனவற்றை இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்நாட்டு விழாக்களின் காலத்தை அறிய வேண்டுமானால், முதலிற் காற்றின் போக்கை அறிதல் வேண்டும். நடு மலைத்தொடர் ஒரு பெருஞ்சுவர்போல நிற்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, மழையை அதன் மேற்குச் சரிவிலே கொட்டிவிட்டு, ஊவாப் பக்கம் வரும்போது வறண்ட காற்றாக இறங்குகிறது. இதனையே கச்சான் என்கிறோம். ஊவாத் தேயிலைக்குத் தனி மணத்தைத் தருவது இந்த வறட்சிதான். ஆடி ஆவணியில் இங்கே பறிக்கும் கொழுந்துக்கு உலகச் சந்தையிலே தனி மதிப்பு உண்டு. மார்கழியில் நிலைமை தலைகீழாகிறது. வங்கக் கடலிலிருந்து வரும் வடகீழ்ப் பருவக்காற்று பதுளை, பசறை, மடுல்சீமைப் பக்கங்களை நனைக்க, மேற்குச் சரிவு மெல்ல வெளுக்கத் தொடங்குகிறது. பட்டிப்பொலைக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள மலைச் சுரங்கத்தைப் புகையிரதம் கடக்கும்போது, ஒரு வாயிலில் வெயிலையும் மறு வாயிலில் மூடுபனியையும் காண்பது இப்பாதையிற் பிரயாணம் செய்தோர்க்குப் புதிதன்று.

சிவனொளிபாதமலை யாத்திரை டிசம்பர் மாதத்து உந்துவப் பூரணையில் தொடங்கி வெசாக் பூரணை வரை நடைபெறுவது ஏன் என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. அம்மலை நிற்பது மேற்குப் பக்கத்திலே. தென்மேற்கு மழை கொட்டும் மாதங்களில் அதன் படிகளில் கால் வைப்பதே அரிது. 7,359 அடி உயரமுள்ள அதன் உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தர் பெருமானின் பாதம் என்பர். சைவர் சிவபெருமானின் பாதம் என்பர். இஸ்லாமியர் ஆதம் நபியின் பாதம் என்பர். கிறிஸ்தவருள்ளும் புனித தோமையாரின் பாதம் என்று கொள்வோர் உளர். யாத்திரைக் காலம் தொடங்கும்போது, பெல்மதுளைக்கு அண்மையிலுள்ள கல்பொத்தாவல விகாரையிலிருந்து சமன் தெய்வத்தின் திருவுருவத்தை ஊர்வலமாக மலையுச்சிக்கு எடுத்துச் செல்வார்கள். வெசாக் கழிந்ததும் மீண்டும் கீழே கொண்டுவருவார்கள்.

மலைநாட்டுப் புகையிரதத்தில் ஹட்டனில் இறங்கி, மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குச் சென்று, இரவிலே ஏறத் தொடங்குவது வழக்கம். விடியும்போது உச்சியில் இருத்தல் வேண்டும். கிழக்கே ஞாயிறு எழ, மேற்கே பனிப்படலத்தின்மீது மலையின் நிழல் ஒரு முக்கோணமாக விழும். அந்நிழலைக் காண்பதற்காகவே மறுமுறை ஏறுவோர் உண்டு. உச்சியிலுள்ள மணியை, எத்தனையாவது முறை வந்தார்களோ அத்தனை தடவை அடித்துவிட்டு இறங்குவார்கள். முதன்முறை செல்பவர்கள் பூரணை நாளையும் வாரக் கடைசியையும் தவிர்த்தால் நன்று. அந்நாட்களிற் படியொன்றுக்கு ஒரு நாழிகை காத்திருக்க நேரிடும் என்று சொன்னால், அது சிறிதே மிகைதான்; பெரிதும் மிகையன்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நத்தார்ப் பண்டிகையை அதன் முழுப் பொலிவோடு காண விரும்புவோர் நீர்கொழும்புக்குச் செல்லட்டும். கத்தோலிக்க மீனவ மக்களின் தெருக்கள் அந்நாட்களில் விளக்கொளியில் மிதக்கும். ஜனவரி மாதத்துத் துருத்துப் பூரணையை ஒட்டிக் களனி விகாரையிலே நடைபெறும் பெரஹரா புகழ் வாய்ந்தது. புத்தர் பெருமான் இந்நாட்டிற்கு முதன்முறை வந்ததை நினைவுகூரும் பூரணை இது. அவர் அப்போது வந்த இடமாக மகாவமிசம் கூறுவதோ நமது பதுளை மாவட்டத்தைச் சேர்ந்த மகியங்கனை. களனியில் யானைகளையும் தீப்பந்தங்களையும் கண்டவர்கள் மகியங்கனையில் அமைதியைக் காணலாம். மாசி மாதத்துச் சிவராத்திரிக்கு மன்னாரிலுள்ள திருக்கேதீச்சரத்தில் அடியார்கள் பாலாவித் தீர்த்தத்தைத் தாமே சுமந்து சென்று இலிங்கத்திற்கு வார்ப்பர். ஏறக்குறைய அதே காலத்தில், பாக்கு நீரிணையிலுள்ள கச்சதீவில் புனித அந்தோனியார் திருவிழா இரண்டு நாட்கள் நடைபெறும். நம் நாட்டாரும் தமிழ்நாட்டாரும் படகுகளில் வந்து ஒரே ஆலயத்திலே கூடுவது அந்த விழாவில்தான். குடிநீரற்ற தீவு என்பதை மறவாமற் செல்லுதல் வேண்டும்.

இனி ஊவாவுக்கு வருவோம். கொழும்பிலிருந்து பதுளைக்குப் புகையிரதப் பாதையின் நீளம் ஏறத்தாழ 292 கிலோமீற்றர். இப்பாதை பதுளையை வந்தடைந்தது 1924ஆம் ஆண்டில். எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் முடிவுற்ற ஒன்பது வளைவுப் பாலமும், தன் நிலையத்தின் அடியிலேயே தானே நுழைந்து செல்லும் தெமோதரைச் சுற்றுப்பாதையும் இன்று உலகெங்கும் பேர்பெற்றுவிட்டன. டிசம்பர் மாதத்திலே அப்பாலத்தின் அருகில் நின்று படமெடுப்போர் தொகை, பதுளைச் சந்தைக்கு வருவோர் தொகையிலும் கூடுதலோ என்று எனக்கு ஐயம் உண்டு. பதுளை நகரிலே முதியங்கனை விகாரை இருக்கிறது. நாட்டின் பதினாறு பெருந்தலங்களுள் ஒன்றாகப் பௌத்தர்கள் அதனைப் போற்றுவர். 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் என்ற ஆங்கில அதிகாரியின் நினைவாக எழுந்த புனித மாற்கு ஆலயமும் அங்கேயே உண்டு. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேர்பெற்ற மனிதர் அவர். அவருடைய முடிவைப்பற்றி ஊரார் பலவிதமாகப் பேசிக்கொள்வதில் வியப்பில்லை. அப்புத்தளைக்கு மேலே 1931இல் கட்டி முடிக்கப்பட்ட அடிசம் மாளிகை இப்போது துறவியரின் மடம். வாரக் கடைசியிலும் விடுமுறை நாட்களிலும் பார்வையாளர் உள்ளே செல்லலாம். துறவியர் செய்யும் ஸ்ட்ரோபெரிப் பழப்பாகு வாங்குவதற்கென்றே போகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் வருவோர்க்கு ஓர் எச்சரிக்கையையும் சொல்லாது விடுதல் முறையன்று. முன்னர்க் கூறிய காற்றின் கணக்குப்படி, மற்ற இடங்களில் விடுமுறைக் காலமாக விளங்கும் கார்த்திகையும் மார்கழியும் ஊவாவில் மழைக்காலம். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள், தீபாவளி கழிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தைப் பகுதியின் மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளி பதுளை மாவட்டத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று; மலைநாட்டுப் புகையிரதப் பாதையையும் பல இடங்களிற் சிதைத்தது. ஆதலின் புறப்படுமுன் பாதையின் நிலையைப் புகையிரத நிலையத்திலே விசாரித்துக்கொள்ளுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு அறிவித்தல்களை வானொலியில் கேளுங்கள். சிவப்பு எச்சரிக்கை உள்ள நாளில் விழாவும் வேண்டாம், விருந்தும் வேண்டாம். தை மாதத்து நடுவில் மழை தணிந்து வானம் தெளியத் தொடங்கும். பொங்கலை ஒட்டி வருவது எல்லாவற்றிற்கும் பொருத்தம்.

புகையிரதத்தில் வருவோர் சன்னலுக்கு வெளியே பார்க்கும்போது, தேயிலைச் சரிவுகளுக்கிடையே நீண்ட கூரையோடு கூடிய லயங்கள் தோன்றி மறைவதைக் காண்பார்கள். பெரும்பாலோர் காண்பது அவ்வளவே. அந்த லயங்களின் வாசலில் மார்கழி மாதத்து விடியற்காலையில் என்ன நடக்கிறது என்பதைக் கேட்டவர் மிகச் சிலர்.

மார்கழி பிறந்துவிட்டால், தோட்டத்துக் கோவிலில் நான்கு மணிக்கே விளக்கேறிவிடும். பிள்ளைகள் பீலிக்கரைக்கு ஓடுவார்கள். மலையூற்று நீரைக் குழாய்போல் வழியவிட்ட இடத்தையே இங்கே பீலி என்கிறோம். மார்கழியிலே அந்த நீரைத் தலையில் வார்த்துக்கொள்வதற்குப் பக்தி மட்டும் போதாது, பல்லைக் கடிக்கும் உறுதியும் வேண்டும். திருநீறு பூசிய நெற்றியோடு கோவில் முன்றிலிற் கூடுவார்கள். ஒருவர் ஆர்மோனியத்தைக் கழுத்திலே தொங்கவிட்டுக்கொள்வார். மற்றொருவரிடம் மிருதங்கம் அல்லது டோலக். சிறுவர்களின் கையில் தாளம். முன்னே ஒரு விளக்கு. மேட்டு லயத்திலே தொடங்கிப் பணிய லயத்திலே முடியும் அந்தப் பஜனை. ‘பணிய’ என்றால் தாழ்வான பக்கம்; தோட்டத்துப் பேச்சிலே திசைகள் நான்கல்ல, மேடும் பணியமும் ஆகிய இரண்டே. திருவெம்பாவைக்குரிய பத்து நாட்களிலும் சைவ முறை மேலோங்கும். சங்கு ஒலிக்கும். மாணிக்கவாசகரின் இருபது பாடல்களும் ஓதப்படும். ஏனைய நாட்களிலே இராமன் பேரிலும் முருகன் பேரிலும் மாரியம்மன் பேரிலும், கேட்டுக் கேட்டு மனனம் செய்த பாட்டுகள் வரும். சுருதி சற்றே தப்பினாலும் கேட்பவர் குறை சொல்வதில்லை.

இந்த வேளைக்கு ஒரு காரணம் உண்டு. மார்கழியின் வைகறை வழிபாட்டுக்கு உகந்தது என்பது நூல்வழக்கு. தோட்டத்திலோ அதனோடு மற்றொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. காலையிலே பிரட்டுக்குப் போகவேண்டிய பெண், அதாவது பெயர் பதிந்து வேலைக்கு அனுப்பும் இடத்திற்கு நேரத்தோடு செல்லவேண்டியவள், ஆண்டு முழுவதும் அந்த வேளையிலேயே எழுகிறாள். அடுப்பை மூட்டி, ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்துவிட்டுக் கூடையைத் தூக்க வேண்டும். மற்றப் பதினொரு மாதங்களிலும் அவள் இருளிலே தனியாக விழித்திருக்கிறாள். மார்கழியிலே ஊரே அவளோடு விழித்திருக்கிறது. வாசலைச் சாணம் தெளித்து மெழுகிக் கோலமிட்டு, சாண உருண்டையிலே பூசணிப்பூவைச் செருகிவைக்க அவளுக்கு அந்த மாதத்தில் எங்கிருந்தோ நேரம் கிடைத்துவிடுகிறது. பஜனை வாசலுக்கு வரும்போது இஸ்தோப்பிலே விளக்கேற்றி வைப்பாள். தட்டிலே ஒரு நாணயம் விழும். குளிரிலே நடுங்கும் சிறுவர் கையில் சூடான தேநீர் வந்து சேரும்.

வடக்கு ஐரோப்பாவின் சுவீடன் நாட்டிலே டிசம்பர் 13ஆம் நாள் லூசியா என்ற புனிதவதியின் பேரால் இளம்பெண்கள் வெள்ளுடை தரித்து, தலையிலே மெழுகுவர்த்தி முடி சூடி, இருள் பிரியாத காலையிலே பாடிக்கொண்டு செல்வார்களாம். அதைக் காண்பதற்கு மக்கள் பல நாடுகளிலிருந்து செல்கிறார்கள். நமது பிள்ளைகள் பாடும் பாட்டும் இருளிலே விளக்கேந்திப் பாடுவதுதான். இதைக் காண இன்னும் யாரும் பயணச்சீட்டு எடுக்கவில்லை.

நத்தார்க் காலத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கும் தோட்டங்களிலே இரவு நேரத்தில் கரோல் பாடகர் இதே பாதையில் வருவார்கள். நான் ஆசிரியராக இருந்த ஒரு பகுதியிலே இரு சாராருக்கும் ஆர்மோனியம் ஒன்றே. இரவு பத்து மணிக்கு இயேசு பாலனுக்காக வாசித்த பெட்டி, காலை நான்கு மணிக்கு நடராசப் பெருமானுக்காகப் புறப்படும். வாசிப்பவரும் ஒருவரே என்பதால், மார்கழி பத்தாம் தேதி அளவில் அவரைப் பகலிலே எழுப்புவது யாராலும் இயலாது.

இத்தனையும் சொன்ன பிறகு, இக்காலத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். இப்போது பல தோட்டங்களில் நான்கு மணிக்கு ஒலிப்பது ஒலிபெருக்கி. ஆர்மோனியம் கோவில் அறையிலே உறை போட்டு இருக்கிறது. வாசித்தவர் கொழும்பிலே ஒரு கடையில் இருக்கிறார். மலையிலே குளிர்காலத்தைக் காண வருவோர் ஏறிவரும் புகையிரதம், அதே நாட்களில் நமது இளைஞர்களை ஏற்றிக்கொண்டு இறங்குகிறது. நத்தாருக்கும் புதுவருடத்துக்கும் கொழும்புப் புடைவைக் கடைகளிலும் உணவகங்களிலும் கூடுதல் ஆட்கள் வேண்டும். ஒரு மாத வேலை, தங்குமிடம், சாப்பாடு, கையிலே சிறு தொகை. தேர்வை எழுதிவிட்டோ, எழுதாமலோ, பையன் போகிறான். ஊருக்கு அனுப்பும் முதற் சம்பளத்திலே தாய்க்கு ஒரு சேலை இருக்கும். இதனை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறக்கும்போது நான் பதிவேட்டைக் கையில் எடுக்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புகளிலே பெயரைக் கூப்பிட்டால் விடை வராத இடங்கள் ஒன்றிரண்டு எப்போதும் உண்டு. “அவன் கடையிலேயே நின்றுவிட்டான் ஐயா” என்பார்கள் பக்கத்துப் பிள்ளைகள். வேலைக்கமர்த்தும் குறைந்த வயதை 2021இல் 16 ஆக உயர்த்தியது சட்டம். நல்லது. பதினாறு நிறைந்தவனைச் சட்டம் தடுப்பதில்லை. அவன் படித்துக்கொண்டிருந்தவன் என்பதைக் கடைக்காரர் கேட்பதும் இல்லை. ஒரு மாதத்துப் பண்டிகை வேலை அவன் வாழ்நாள் வேலையாகிவிடுகிறது. கொழும்பு நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரிலே உங்களுக்குத் துணியை மடித்துக் கொடுக்கும் பையனிடம், “தம்பி, எந்தத் தோட்டம்? பள்ளிக்கூடம் திறக்கும்போது போய்விடுவாய் அல்லவா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கும் ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதே சிலரைத் திருப்பி அனுப்பியிருப்பதை நான் அறிவேன். கடை முதலாளிமாரும் பொங்கலுக்கு முதல் நாள் இரவு வண்டிக்கு அவர்களை விட்டுவிட வேண்டும். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்த பையனைப் பிடித்து வகுப்பில் உட்கார வைப்பது எங்களுக்கு எளிது. வராதவனுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

அப்படி அவர்கள் வந்து சேரும் தைப்பொங்கல், உண்மையிலே பார்க்கத்தக்கது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பொங்கல் உழவனின் விழா. தன் வயலில் விளைந்த புதுநெல்லைக் குத்தித் தன் முற்றத்திலே பொங்குகிறான். தோட்டத் தொழிலாளிக்கு வயல் ஏது? பதுளைப் பள்ளத்தாக்கிலும் வெலிமடைப் பக்கத்திலும் அடுக்கடுக்காக விளையும் நெல் அவருடையதன்று. கரும்பு, இதே ஊவாவின் தாழ்நிலமாகிய பெல்வத்தையிலும் செவனகலையிலும் விளைவது; தேயிலை மலையில் விளைவதன்று. பச்சரிசி, பயறு, சர்க்கரை யாவும் கடையில் வாங்கியவை. அவற்றிற் பாதி கடனுக்கு வாங்கியவை. வீட்டு முன்னுள்ள சிறு கொல்லையிலே வளர்த்த இஞ்சியும் மஞ்சளும் மாத்திரமே சொந்த விளைச்சல். ஆண்டு முழுவதும் அவர்கள் அறுவடை செய்வதோ தேயிலைக் கொழுந்து. அதற்கென்று ஒரு விழாவும் இல்லை. ஏழெட்டு நாட்களுக்கு ஒருமுறை துளிர்க்கும் பயிருக்கு எந்த நாளை அறுவடை நாளென்று சொல்வது?

திருச்சிராப்பள்ளியிலும் சேலத்திலும் புதுக்கோட்டையிலும் இராமநாதபுரத்திலும் நிலத்தோடு வாழ்ந்த பாட்டன்மார், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர்த் தேயிலைக்கும் அழைத்துவரப்பட்டபோது, வயலை விட்டுவிட்டு வயலின் விழாவை மட்டும் கொண்டுவந்தார்கள். இது நம்மவரிடம் மாத்திரம் காணும் செய்தியன்று. இந்தியாவின் அசாம் மாநிலத்துத் தேயிலைத் தோட்டங்களிலும் இவ்வாறே ஜார்க்கண்டு முதலிய பகுதிகளிலிருந்து அழைத்துவரப்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் தை பிறக்கும் அதே மகர சங்கிராந்தி நாளிலே, ‘துசு’ என்ற தம் பழைய அறுவடைத் திருவிழாவைத் தேயிலைச் செடிகளின் நடுவே பாட்டோடு கொண்டாடுகிறார்கள். ஒரு தேயிலை நாட்டுக்கும் மற்றொரு தேயிலை நாட்டுக்கும் ஒரே நாளிலே, இல்லாத வயலுக்காக ஒரு விழா.

ஈண்டு ஓர் இடைக்குறிப்பு. சூரியன் வடக்கு நோக்கித் திரும்பும் நாளே தைப்பிறப்பு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். வானநூற் கணக்கின்படி அத்திருப்பம் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறிவருவதாலும், நமது பஞ்சாங்கம் நட்சத்திரங்களை ஒட்டிச் செல்வதாலும், நூற்றாண்டுகள் செல்லச் செல்ல விழா நாள் பின்தள்ளிப்போய் ஜனவரி 14 அல்லது 15ஐ அடைந்திருக்கிறது. நத்தாரும் பொங்கலும் ஒரே சூரியத் திருப்பத்தை ஒட்டிய இரு விழாக்கள் என்று கொள்வாரும் உளர்.

பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலே பொங்கலன்று சூரியனுக்காகக் காத்திருக்க வேண்டும். நமுனுகுலை மலை 6,600 அடிக்கு மேல் உயர்ந்து கிழக்கை மறைத்து நிற்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் உதய நேரத்துக்குப் பின்னும் லயத்து வாசலிலே நிழல்தான். போதாததற்கு மூடுபனி. பானை பொங்கி வழிந்துவிடும். சூரியன் வந்திருக்க மாட்டான். ஆயினும் கிழக்கு நோக்கித் தேங்காய் உடைத்து, “பொங்கலோ பொங்கல்” என்று குரலெழுப்பிக் கும்பிடுவார்கள். சற்று நேரத்தில் மலை முகட்டிலே ஒரு கீற்றுத் தோன்றித் தேயிலைச் சரிவில் இறங்கி, மேட்டு லயத்துக் கூரையைத் தொட்டுப் பணிய லயத்துக்கு வரும்போது, பிள்ளைகள் வாழையிலையிலே பாதிப் பொங்கலை முடித்திருப்பார்கள். ஒரு லயத்திலே பத்துக் காம்பரா இருந்தால் பத்துப் பானை. ஒவ்வொரு வீட்டுப் பொங்கலும் மற்ற ஒன்பது வீட்டுக்கும் போகும். மறுநாள் மாட்டுப்பொங்கலிலே லயத்துக்குப் பின்னாலுள்ள தொழுவத்துப் பசுவுக்கு மாலை விழும்.

இதனைக் காண வருவோர் செய்ய வேண்டியவை சில. தோட்டம் ஒரு நிறுவனத்தின் நிருவாகத்தில் இருப்பது. லயமோ ஒரு குடும்பத்தின் வீடு. தோட்ட அலுவலகத்திலோ கோவிற் பரிபாலன சபையாரிடமோ முன்கூட்டியே சொல்லி, அழைப்புப் பெற்று வாருங்கள். தெரிந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. மலையிலே ஆசிரியரைத் தெரியாத வீடு இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்ணை நிறுத்திப் படமெடுத்துவிட்டுக் காசு நீட்டும் வழக்கம் எனக்கு உவப்பில்லை. வாசலிலே உட்கார்ந்து ஓர் இலைப் பொங்கலைச் சாப்பிட்டு, வீட்டாரின் பேரையும் ஊரையும் கேட்டுவிட்டு, அதன் பின் படமெடுக்கலாம் என்று கேட்டால் அவர்களே பிள்ளைகளையும் கூப்பிட்டு நிறுத்துவார்கள். கையிலே ஏதும் கொண்டுவர விரும்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான கொப்பிகளைக் கொண்டுவாருங்கள். கம்பளி ஒன்று, குடை ஒன்று, அட்டைக் கடிக்குச் சவர்க்காரம் ஒன்று. வேறு ஆயத்தம் வேண்டாம்.

தையில் வர இயலாதோர் மாசியில் வரலாம். மன்னாரிலே இறங்கிக் காட்டுவழியே நடந்து மலைக்கு வந்த முன்னோரின் பாதையிலே அமைந்தது மாத்தளை முத்துமாரியம்மன் கோவில். அங்கே மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் ஒருங்கே வீதியில் வரும். அம்முன்னோர் வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபயணமும் நிகழ்ந்தது. ஊவாத் தோட்டங்களிலோ மாசியென்றால் காமன் கூத்து. அமாவாசை கழிந்ததும் காமனை ஊன்றி, இரவுதோறும் மதனும் இரதியும் வாசலுக்கு வாசல் ஆடி வருவர். எமனும் வீரபத்திரனும் தக்கனும் வருவர். கடைசி நாளிரவு சிவபெருமானின் நெற்றிக்கண்ணுக்கு மதன் எரிய, இரதி புலம்புவாள். இரதி வேடம் ஆணுக்குரியது. அந்தப் புலம்பலைக் கேட்டு அழாத பெண்களை நான் கண்டதில்லை. கூத்துக்கு மேடையும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை, அறிவித்தலும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குமேல் பெருந்தெருவிலே நின்று காது கொடுத்தால், எந்த மலையிலிருந்தாவது தப்பொலி கேட்கும். எந்தத் தோட்டம் என்று கடைத்தெருவிலே கேட்டால், ஒரு சிறுவனைக் கூட அனுப்பி வழி காட்டுவார்கள்.